எங்கள் தெருவுக்கு எழுதிய வரலாறு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சௌக்கியம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம் தெருவின் படத்தைச் செய்தியில் பார்த்துவிட்டு எவ்வளவு அழகாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். மாடிகளில் குடியிருந்தவர்களைக் கிளப்பிவிட்டு ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி வைத்தால் எந்தத் தெருவும் அழகாகத்தான் இருக்கும். சாக்கடை அதே நாற்றம்தான், அது படத்தில் விழாது. இதற்குப் பாரம்பரியத் தெரு என்று பேர் வைத்து, முனையில் வரலாற்றுப் பலகை ஒன்றும் வைக்க முடிவு செய்தார்கள். தெருவில் பெயர்ப்பலகைக் கடை நம்முடையது ஒன்றுதானே, வேலை நம்மிடமே வந்தது. கொண்டுவந்தவன் நம் கடை இருக்கிற கட்டடத்தின் சொந்தக்காரர் மகன், அழகுபடுத்தும் குழுவுக்கு அவன்தான் தலைவன்.

அவன் கொடுத்த தாளைப் படித்தேன். வணிகரும் தொழிலாளரும் இங்கே ஒரே குடும்பமாக வாழ்ந்தார்களாம். குடும்பத்தை உள்ளே வைத்து வெளியே பூட்டுகிறவன் எவன்? ஜவுளிக்கடை மாடி பிற்காலத்தில் புதுப்பிக்கப்பட்டது என்று ஒரு வரி. எரிந்ததற்கு இவர்கள் வைத்த பேர் அது. அந்த மூன்றாம் மாடித் தையல் கூடத்தில்தான் என் தங்கை, உன் சித்தி, வேலை பார்த்தாள். நடுவில் யாரும் கீழே இறங்கக் கூடாது என்று, அந்தக் கூடத்தை நடத்திய இவன் அப்பா கதவை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வார். பட்டப்பகலில் தீப்பிடித்தது. சாவிக்காரர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பதினோரு பெண்கள் செத்தார்கள்.

அவர்கள் பேரையும் போடு தம்பி என்றேன். "அக்கா, ஊர் சுத்த வர்றவங்க படிக்கிற போர்டு இது, சாவு கீவுன்னு போட்டா மூடு கெட்டுடும்" என்றான். "உங்கப்பா பூட்டிட்டுப் போனப்ப அவளுங்க மூடு எப்படி இருந்துச்சுன்னு கேட்டுட்டு வா, அதையும் சேர்த்தே போடறேன்" என்றேன். தாளைப் பிடுங்கிக்கொண்டு வேறு ஆளிடம் போய்விட்டான். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா, கடை இருக்கிறது அவன் கட்டடத்துல" என்று அப்பா முனகினார். நீயும் போனில் அதையேதான் சொன்னாய்.

மூன்று நாள் முன்பு திறப்பு விழா. படத்துக்கு எடுப்பாக இருக்க எல்லாக் கடையும் ஷட்டரை இறக்க வேண்டும் என்று அவனே உத்தரவு போட்டான். இறக்கினேன். பதினோரு பெயரும் வயதும், கீழே கதவு வெளியே பூட்டியிருந்தது என்ற வரியும், கையகல எழுத்தில் அதில் ஒட்டியிருந்தேன். கேமராக்காரர்கள் பலகையை விட்டுவிட்டு அங்கேதான் நின்றார்கள். சாயங்காலமே ஆள் வந்து சாம்பல் நிறம் பூசிவிட்டுப் போனான், மறுநாள் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ், ஒரு மாதம் கெடு. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று காலையில்தான், தங்கை பேரை ஏன் கடைசியில் போட்டாய் என்று கேட்டார். வயதுவாரியாகப் போட்டேன் என்றேன். அவளுக்குப் பதினேழு.

வேறு இடம் தேடுகிறோம், நீ மனதை அலட்டிக்கொள்ளாதே. நீயும் உன்னோடு நிற்கிற பெண்களும் நோய்நொடியில்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும். நீ வேலை பார்க்கிற கிடங்கில் அவசரக் கதவு என்று ஒன்று வைத்திருப்பார்கள். திறக்கும் என்று மேற்பார்வையாளர் சொல்வதை நம்பாதே, நீயே ஒரு தரம் தள்ளிப் பார். திறந்ததா இல்லையா என்று எனக்கு எழுது.

உன் அம்மா