அழித்த படத்தைத் திரும்பப் போடு

மார்சே, ஆகஸ்ட் 9

அன்புள்ள ஸெபூர்,

அடிலெய்டில் குளிர் இன்னும் விட்டிருக்காது, உன் இருமலாவது விட்டிருக்கட்டும். இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் நலம். மனசளவில் நான் நலமில்லை, அதற்குப் பாதிக் காரணம் சிரானுஷ், மீதிப் பாதி நீ. போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், தபாலில் போட்டால் ஞாயிற்றுக்குள் வராது, அதனால்தான் இந்த மின்னஞ்சல்.

மார்ச்சில் தோட்டத்தில் நின்று திராட்சைக் குலையைக் கடிக்கிற மாதிரி இணையத்தில் ஒரு படம் போட்டாயே, அதை யாரோ தோண்டி எடுத்து சிரானுஷிடம் கொடுத்திருக்கிறார்கள். போன புதன்கிழமை கோயில் கமிட்டியில் அவள் போனைத் தூக்கிப் பிடித்து, ஆகஸ்ட்ல மாதா திருநாளுக்குப் பாதிரியார் மந்திரிக்கிறதுக்கு முன்னாடி நாம யாராச்சும் ஒரு திராட்சைய வாயில வப்போமா, டீச்சரம்மா பொண்ணு மார்ச்லயே குலையோட முழுங்குது, இவங்கதான் நம்ம பிள்ளைங்கள ஆர்மீனியனா வளக்கப் போறாங்களாம் என்றாள். நான் நடத்துகிற சனிக்கிழமை மொழி வகுப்பை என்னிடமிருந்து பிடுங்கித் தன் மருமகளிடம் கொடுக்க வேண்டுமாம். அந்த மருமகளுக்கு நம் எழுத்து முப்பத்தெட்டும் வரிசையாகத் தெரியாது. சிரானுஷின் பேரன்களுக்கு நம் மொழியில் குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது. அதற்கெல்லாம் வெட்கப்படாதவள் திராட்சைக்குக் காவல் நிற்கிறாள். அப்பா கேட்டுவிட்டு, பழம் புளிக்குதுன்னு சொல்றது நரிதானே, இந்தம்மா எப்ப நரியாச்சு என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் எழுந்து நின்று சொன்னேன், பூமியின் தென்பாதியில், அடிலெய்டில், திராட்சை பழுப்பதே மார்ச்சில்தான், ஆகஸ்டில் வெறும் குச்சிதான் நிற்கும், போன ஆகஸ்டில் மந்திரித்தது அந்தப் பழத்துக்கும் சேரும், என் மகள் எதையும் ஒளிக்கவில்லை, ஊரே பார்க்கத்தானே போட்டிருக்கிறாள் என்று. பாதிரியார் நெர்செஸ் தாடியைத் தடவிக்கொண்டு, வெர்ஜீன் சொல்றதுலயும் நியாயம் இருக்கேப்பா என்றார். பாதிப் பேர் என் பக்கம் வந்துவிட்டார்கள். இந்த ஞாயிறு திராட்சை மந்திரித்து முடிந்ததும் வகுப்பு யாருக்கு என்று வாக்கெடுப்பு எனக் கலைந்தோம்.

மறுநாள் காலை பார்த்தால் படத்தைக் காணோம். சண்டை யார் மூலமோ உன் காதுக்கு வந்ததும் நீ அழித்துவிட்டாய். அதோடு விட்டாயா, போன் பண்ணி, அது பிளம்ஸ் பழம்னு சொல்லிடும்மா, யாருக்குத் தெரியப் போகுது என்கிறாய். ஒளிக்கவில்லை என்று நான் சத்தியம் செய்யாத குறையாகப் பேசிய வாயில் ஒரே இரவில் மண்ணைப் போட்டாய். ரொட்டிக்கடை வரிசையில் சிரானுஷ் என் காதில் விழுகிற மாதிரியே, தப்பு இல்லேன்னா எதுக்குடி அழிக்கணும், ஆத்தாளும் மகளும் நல்லா நாடகம் ஆடுறாளுங்க என்றாள். நான் ரொட்டி வாங்காமலேயே வந்துவிட்டேன்.

கோபத்தில் இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன். பிறகுதான் ஒன்று உறைத்தது. உன் வயதில் கிரெனோபிளில் படிக்கும்போது, ஒரு ஜூலை மாதம், விடுதி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கிண்ணம் திராட்சை தின்றேன். அந்த ஆகஸ்டில் ஒன்றும் தெரியாதவள் போல வரிசையில் நின்று மந்திரித்த பழத்தையும் வாங்கினேன். இதுவரை அப்பாவுக்குக்கூடத் தெரியாது. உனக்கு மொழியும் பாட்டும் நோன்பும் சொல்லித் தந்தேன் என்று நினைத்திருந்தேன், கதவைச் சாத்திக்கொள்வதையும் சேர்த்துத் தந்திருக்கிறேன் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்புக்கு முன்னால் அந்தக் கிண்ணத்தைப் பற்றி நான் எல்லோர் முன்பும் சொல்லப் போகிறேன். வகுப்பு போனாலும் போகட்டும், என்னிடம் படிக்கிற ஒன்பது பிள்ளைகளும் அங்கே திராட்சைத் தட்டு ஏந்தி நிற்பார்கள், அவர்கள் கேட்கட்டும். சிரானுஷ் மட்டும் பாவமன்னிப்பு கொடுக்கிற தோரணையில் என் பக்கம் திரும்பினால் அவளுக்குத் தகுந்ததை அங்கேயே வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

கர்த்தர் உன் நெஞ்சுச் சளியை நீக்கி, முதுகெலும்பைக் கொஞ்சம் நிமிர்த்தி வைக்கட்டும். கழுத்தைக் கம்பளியால் மூடிக்கொள். கோயில் மணி அடிப்பதற்குள் அந்தப் படம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். அது வரும்வரை என்னைக் கூப்பிடாதே.

உன் அம்மா,
வெர்ஜீன்