அம்மன் வந்ததும் ஓவியம் போனதும்

திருநகர் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், மதினி. உங்கள் மகன் வாடகைக்கு விடப்போகிறானாம். நேற்று போனவள் அந்த நெடியில் கூடத்திலேயே நின்றுவிட்டேன். சோபாவுக்கு மேலே நிறம் மங்காமல் இருந்த சதுரத்தின் மேல் பெயின்டர் ரோலரை உருட்டிக்கொண்டிருந்தார். அங்கேதான் அந்த ஓவியம் தொங்கியது.

ஜன்னலோரம் ஒரு பெண் குழந்தைக்குத் தலை துவட்டிவிடும் படம். போர் முடிந்த காலத்தில் லண்டனில் மருத்துவம் படித்த அப்பா, பழைய சாமான் கடை ஒன்றில் வாங்கி வந்தது. பெரியண்ணனுக்கு வந்து, அவர் போனபின் உங்களுடையதானது. கடைக்கு அது எப்படி வந்தது என்று நம் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

பொங்கலுக்கு எடுத்த குடும்பப் படம் இணையத்தில் சுற்றி, அந்த யூதப் பெண்மணியின் கண்ணில் பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்து, உங்கள் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, பழைய புகைப்படம் ஒன்றை நீட்டினார். சாப்பாட்டு அறைச் சுவரில் இதே ஓவியம். அதன் கீழே ஒரு சிறுமி. "என் அம்மா" என்றார். நாஜிகள் அந்த வீட்டைச் சூறையாடி, இருந்தவர்களை முகாமுக்கு ஏற்றி அனுப்பிக் கொன்றார்கள். முன்பே வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட அந்தச் சிறுமி மட்டும் மிஞ்சினாள். தொண்ணூறைத் தொட்டுவிட்ட அம்மாவிடம் காட்ட, ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "அவுக வீட்டுப் பொருளைப் போட்டோ எடுக்க நம்மகிட்ட அனுமதி கேக்குறாக பாரு. கேக்க வச்சிருக்கோமே, அதைச் சொல்லணும்."

ஓவியத்தை நீங்கள் திருப்பிக் கொடுக்கப்போவது தெரிந்து சின்னண்ணன் அன்று சாயங்காலமே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சங்கிலி, கோயில் கமிட்டித் தலைவர் தோரணை.

"அப்பா காசு குடுத்து வாங்கினது மதினி. நாமளா திருடினோம்? கேஸ் போடட்டும். மதுரையில வந்து அவ என்ன செஞ்சிர முடியும்?"

முந்தின வருஷம்தான், நாகமலைக்கு அந்தப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் களவுபோன அம்மன் சிலை ஏதோ வெளிநாட்டு மியூசியத்திலிருந்து திரும்பி வந்திருந்தது. சாலையெங்கும் ஃபிளெக்ஸ், அம்மன் சின்னதாக, சின்னண்ணன் பெரிதாக. மேடையேறி, "திருட்டுச் சாமானை வாங்கி வச்சுக்கிட்டு காசு குடுத்தேன்னு சொல்றான், வெக்கங்கெட்ட பய!" என்று தொண்டை கிழியக் கத்தியதும் அவர்தான்.

நீங்கள் காபியை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "வெக்கங்கெட்ட பயன்னு மைக்கில சொன்னீகளே தம்பி, அது யாரை?"

காபியைத் தொடாமல் போனார்.

மறுநாள் நீங்களே ஸ்டூலில் ஏறி ஓவியத்தைக் கழற்றி, பழைய பட்டுச்சேலையில் சுற்றிக் கொடுத்தீர்கள். அந்தப் பெண்மணி அழுதுகொண்டே நன்றி சொன்னபோது உங்கள் முகம் சுருங்கியது. "நன்றியெல்லாம் வேண்டாம், இத்தனை நாள் வைத்திருந்தோமே" என்று ஆங்கிலத்தில் முணுமுணுத்தீர்கள்.

அந்த வருஷக் கோயில் அழைப்பிதழில் உங்கள் பெயர் இல்லை. திருவிழாவில் பூசாரி விபூதித் தட்டோடு உங்களைத் தாண்டிப் போனார். சின்னண்ணன் கண்காட்டியதை நான் பார்த்தேன். ஊரே பார்க்க அப்படி நின்றுவிட்டு வந்து, "அம்மனைக் கும்பிட்டாச்சு. மனுசனையும் கும்பிடணுமாக்கும்?" என்று காரில் சிரித்தீர்கள். ஆனால் வீடுவரை என் கையை விடவில்லை.

உங்கள் கருமாதிப் பந்தலிலேயே அவர் ஆரம்பித்துவிட்டார், மதினி. "எங்க குடும்பந்தான் யூதக் குடும்பத்துக்கு ஓவியத்தைத் திருப்பிக் குடுத்துச்சு." வந்தவர்கள் தலையாட்டினார்கள். வாய்வரை வந்ததை, உங்கள் மகனின் முகத்தைப் பார்த்து விழுங்கினேன்.

போன வாரம் போன் செய்தார். ஏதோ சங்கம் அதற்காக அவருக்குப் பாராட்டு விழா எடுக்கிறதாம். குடும்பத்தின் சார்பில் நான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். நகை, நிலம் எதையும் நீங்கள் எனக்கு விட்டுப்போகவில்லை. அந்த நாக்கை மட்டும் விட்டுப்போயிருக்கிறீர்கள்.

"வாரேண்ணே" என்றேன். "மதினிகிட்ட அன்னைக்கு நீங்க என்ன சொன்னீகளோ, அதை ஒரு எழுத்து விடாம மைக்கில சொல்றேன்."

விழாவைத் தள்ளிவைத்திருப்பதாகக் கேள்வி.