அதிபர் பேரில் ஒரு நோட்டீஸ்

செப். 1, திங்கள்
காலையில் தூறல். கம்பெனி ஜெனரேட்டருக்கு டீசல் சொல்ல வேண்டும். பேக்கிங் செக்‌ஷன் வாசலில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று: ‘அமெரிக்க அதிபரின் வரி உத்தரவால் ஆறு பேருக்கு இனி வேலை தர இயலவில்லை.’ வீரபாண்டிப் பனியன் கம்பெனிகள் முழுக்க இதே பேச்சு என்பதால் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆறு பேரும் தெற்கத்திப் பெண்கள். நீங்க என்ன பண்ணுவீங்க என்று ஒருத்தி எனக்கே ஆறுதல் சொன்னாள். அவர்களில் மாரியம்மாள் மட்டும் நோட்டீஸை இரண்டு தரம் படித்தாள்.

செப். 2, செவ்வாய்
வெயில். துணி மடிக்கும் மிஷின் வந்து இறங்கியது. டீக்கடையில் அதிபரை வாய் வலிக்கத் திட்டினேன். பார்லிமென்ட்டைக் கேட்காமல் ஒற்றை ஆள் கையெழுத்தில் ஊர் ஊராக வேலை போகிறதே என்று. எல்லாரும் தலையாட்டினார்கள். மதியம் சாப்பிடும்போது மகள் போன், லா காலேஜிலிருந்து. அவசரநிலை என்று அதிபரே அறிவிப்பாராம், அறிவித்ததும் வரி போடும் அதிகாரம் அவருக்கே வருமாம். வருசத்துக்கு வருசம் இது வளர்கிறதாம். அதை எதிர்த்து அங்கே கேஸ் நடக்கிறதாம்.
“அங்க கேக்கறதுக்குக் கோர்ட்டாச்சும் இருக்குதுங்கப்பா.”
சாதாரணமாகத்தான் சொன்னாள். பாதிச் சோற்றோடு கை கழுவினேன்.

செப். 4, வியாழன்
பி.பி. மாத்திரை தீர்ந்தது. தையல் மிஷினுக்கு ஊசி வரவில்லை, இரண்டு மிஷின் சும்மா.
உள்ளதை இங்கேயாவது எழுதுகிறேன். நம் சரக்கு முழுக்க ஜெர்மனிக்கு. ஒரு பீஸ்கூட அமெரிக்கா போனதில்லை. ஆர்டரும் குறையவில்லை. மிஷின் வருகிறது, இனி நீங்கள் வேண்டாம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லத் துப்பில்லை. எங்கேயோ இருப்பவன் தலையில் பழியைப் போட்டுவிட்டேன். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை. வெட்கமாக இருக்கிறது.

செப். 6, சனி
மழை இல்லை. பத்து மணிக்கு மாரியம்மாள், பி.எஃப். ஃபாரத்தில் கையெழுத்து வாங்க வந்தாள். உட்காரச் சொன்னேன், நின்றாள்.
“எட்டு வருசமா பெட்டிக்கெல்லாம் போற ஊர்ப் பேர ஒட்டுனது நாந்தான மொதலாளி. மத்த அஞ்சு பேர்ட்டயும் நான் சொல்லல.”
திரும்ப வேலைக்கு வா என்று சொல்ல வாயெடுத்தேன், ஃபாரத்தைக் கொடு என்றேன். ஃபாரத்தில் ‘விலகிய காரணம்’ என்று ஒரு கட்டம். என்ன எழுதட்டும் என்று அவளையே கேட்டேன்.
“பேனா ஒங்க கையிலதான இருக்கு.”
‘தானாக விலகினார்’ என்று எழுதினேன். வாங்கிப் படித்தாள். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.