இடது கைச் சல்யூட்

என் ஹவில்தார் அப்பாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. உங்கள் தங்கை சரசு அத்தை நன்றாக இருக்கிறாள். நேற்று ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டே மாமாவைத் திட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் அதனதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. போய் உட்கார்ந்ததிலிருந்து கிளம்பும்வரை நான் அந்தக் கைகளையேதான் கவனித்தேன். ஒரு தடவைகூட மேலே எழவில்லை.

அடுத்த செய்தியை மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அம்மாவின் புகார் இதற்குள் அங்கே வந்து சேர்ந்திருக்கும். அத்தை உடம்பில் வந்து இறங்கியிருந்த உங்களை நான் ஊசி போட்டு விரட்டிவிட்டேன் என்பது அம்மாவின் கட்சி. சில நாள் எனக்கே அப்படித்தான் தோன்றுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் கதையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடைசி நாட்களில் எதுவும் உங்கள் நினைவில் தங்கவில்லை, ஆகவே இது உங்களுக்கும் புதுக்கதைதான். உங்கள் வலது கை தானாக எழும்ப ஆரம்பித்தது. சட்டென்று முழங்கை மடங்கி, விரல்கள் விறைத்து, கை நெற்றிப் பக்கம் போகும். அதே பக்கத்து வாயும் கன்னமும் ஓர் இழுப்பு இழுக்கும். கண் மூடித் திறப்பதற்குள் கை இறங்கிவிடும். பார்ப்பவர்களுக்கு அது அரைகுறையான ஒரு சல்யூட். மில்லில் சங்கு ஊதினால் கட்டாயம் ஒன்று உண்டு. கையில் காபி இருந்தால் காபி சட்டையில் இருக்கும்.

பட்டாளத்திலிருந்து வந்த மனுஷன் சல்யூட் அடித்தால் நம் ஊரில் யார் சந்தேகப்படுவார்கள்? இராஜபாளையத்தில் நம் தெருவில் மட்டும் எத்தனை பட்டாளத்து வீடு. அவியளுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது என்றார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நம் வாசலில் நின்று உங்களுக்குச் சல்யூட் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு குடியரசு தினத்தன்று உங்களுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, நான் போனில் வீடியோ எடுத்தேன். அதில் நான் சிரிக்கிற சத்தம்கூடக் கேட்கிறது.

அப்புறம் நீங்கள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்துப் பேச ஆரம்பித்தீர்கள். பட்டாளத்து ஆபீசரை நினைத்து, சாப் வந்திருக்கார், சேர் போடு என்பீர்கள். பட்டப்பகலில், துணிக்கொடிக்குக் கீழே, யாருமே இல்லாத இடத்தில் நான் சேர் போட்டுவிட்டு வருவேன். அந்தச் சேரைப் பார்த்து நீங்கள் ஏதோ சொல்வீர்கள். கொஞ்சம் நிறுத்தி, பதில் கேட்பீர்கள். தலையாட்டுவீர்கள். காய்கிற சேலை காற்றில் விலகும்போதெல்லாம் அங்கே யாராவது உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று எனக்குப் பயமாக இருக்கும்.

காலையில் சாப்பிட்டது மத்தியானம் மறந்தது. சோற்றில் என்னவோ கலக்கிறாள் என்று அம்மாவைச் சந்தேகப்பட்டீர்கள். ஒரு டாக்டர் வயசாளிகளுக்கு வருகிற மறதி என்றார். இன்னொருவர் மனநோய் என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டுத் தூங்கினீர்கள், தூக்கத்திலும் கை எழுந்தது. ரத்தத்தில் உப்பு குறைந்திருக்கிறது என்று ஒரு தடவை பாட்டில் ஏற்றினார்கள். ஏன் குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. ஒரு காலையில் தொட்டிப் பக்கம் நடந்துபோனீர்கள். கை எழுந்தது, அப்படியே சாய்ந்தீர்கள். தொட்டியின் விளிம்பில் தலை பட்டது.

சாப்புக்குச் சல்யூட் அடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார் என்று ஊரே சொன்னது. அதைக் கேட்க எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் தை பிறந்த கையோடு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மாமா போன் போட்டார். பக்கத்தில் யாரோ தூங்குவதுபோலக் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"ஏட்டி கோமதி, ஒங்கப்பா இங்க வந்திருக்காக."

நானும் அம்மாவும் மத்தியான பஸ்ஸில் போனோம். அத்தை நடுவீட்டில் சேரில் உட்கார்ந்திருந்தாள். உங்களுக்குத் தெரியுமே, அவள் பகலில் உட்காரவே மாட்டாள். எங்களைப் பார்த்ததும் அவள் வலது கை எழுந்தது. அதே முழங்கை, அதே விரல், அதே வாய் இழுப்பு. அம்மா சட்டென்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். நீங்கள் லீவில் வந்து இறங்கும்போது நிற்பாளே, அந்த மாதிரி. அத்தையைப் பார்த்து வராத பயம் எனக்கு அம்மாவைப் பார்த்து வந்தது.

செத்த நேரம் கழித்து அத்தை என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "ஏட்டி, தொட்டிய மூடுனியா?"

தினமும் நீங்கள் என்னைக் கேட்கிற கேள்வி. நம் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அத்தையின் காதிலும் அது விழுந்திருக்கும், அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தாலும் கை மயிர் நட்டுக்கொண்டு நின்றது. மூடிட்டேன்ப்பா என்று என் வாய் பதில் சொன்னது.

அம்மா எங்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே அத்தையிடம் என்னவோ கேட்டாள். கதவைத் திறந்து வந்தபோது கண் கலங்கியிருந்தது, முகம் மட்டும் கல்யாண வீட்டு முகமாக இருந்தது. அவியதான் என்றாள். அன்று அவள் இராஜபாளையம் திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை.

மற்ற வீடுகளில் ஆவி வந்தால் கோடாங்கியைக் கூப்பிட்டு ஓட்டுவார்கள். நம் வீட்டில் யாருக்கும் உங்களை ஓட்ட மனசில்லை. மாமா உங்கள் பழைய தொப்பியைக் கேட்டு வாங்கி அத்தை பக்கத்தில் வைத்தார். தெருவில் இருந்தவர்கள் வந்து மகன் போலீஸ் வேலைக்குத் தேறுவானா என்று கேட்டார்கள். உயிரோடு இருந்தபோது உங்களிடம் ஒரு யோசனை கேட்காத ஆட்கள் அப்பா, வரிசையில் நின்றார்கள். அத்தையும் சம்பந்தமில்லாமல் ஏதேதோ சொன்னாள். அதற்கும் ஓர் அர்த்தம் கண்டுபிடித்துக்கொண்டு போனார்கள்.

நான் மட்டும் என்ன? பேண்டேஜ் கம்பெனி ஆபீஸ் விட்டதும் பஸ் ஏறிவிடுவேன். அத்தை முன்னால் உட்கார்ந்து வீட்டுக்கதை எல்லாம் சொல்வேன். நடுநடுவே கை எழும். எனக்கு அது போதும்போல இருந்தது. உங்களை எனக்கு அவ்வளவு தேடியது.

ஒரு நாள் அத்தை தலை சுற்றி வாந்தி எடுத்தாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து உப்பு குறைந்திருக்கிறது என்றார்கள். எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது எனக்கு. மாமா அதற்கும் காரணம் வைத்திருந்தார்.

"ஆவிக்கு உப்பு ஆகாதுல்லா. அதான் ஒடம்பு உப்ப ஏத்துக்க மாட்டேங்குது."

அன்றிலிருந்து அம்மா அத்தைக்கென்று தனியாக உப்பில்லாமல் சமைத்தாள். எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தைக்குச் சோறு ஊட்டிவிட்டு, மிச்சத்தில் ஒரு வாய் நான் போட்டுக்கொண்டேன். ரசம் சப்பென்று இருந்தது. குழம்பும் அப்படியே. இறந்தவர்களுக்குப் படைக்கிற சோறு அது. உயிரோடு இருக்கிற அத்தை அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து அடுப்படியில் ஒரு சட்டி விழுந்தது. அத்தையின் கை எழுந்தது. இடது கை.

இடது கன்னம் இழுத்தது, இடது கை நெற்றிக்குப் போய் இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த மாமாவுக்கு அது ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. இடதுகைக்காரி இல்லையா நான்? பள்ளிக்கூடத்துக் கொடியேற்றத்தில் நான் இடது கையால் சல்யூட் அடித்த அன்று நீங்கள் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தீர்களே, நினைவிருக்கிறதா? எழுது, எறி, யாரை வேண்டுமானாலும் அந்தக் கையால் அடி, சல்யூட் மட்டும் அந்தக் கையால் வைக்காதே என்றீர்கள். எல்லோரும் பார்க்க, என் வலது கையைப் பிடித்து நெற்றியில் வைத்துவிட்டீர்கள். என் மேல் எதற்கும் கோபப்படாத நீங்கள் கோபப்பட்டது அதற்கு ஒன்றுக்குத்தான்.

நீங்கள் ஆவியாக வந்தாலும் இடது கையால் சல்யூட் அடிக்க மாட்டீர்கள்.

மாடிப்படியில் போய் உட்கார்ந்து அந்தப் பழைய வீடியோவைப் பார்த்தேன். வலது கை எழுந்தது, மறுபடியும் வலது. கடைசியில் நான் அப்பா என்று கூப்பிடுகிறேன். நீங்கள் என் பக்கம் திரும்புகிறீர்கள். அப்போது சேர்ப்பிடியில் கிடந்த உங்கள் இடது கை எழுகிறது. எத்தனையோ தடவை அந்த வீடியோவைப் பார்த்து அழுதிருக்கிறேன், அது என் கண்ணில் பட்டதே இல்லை. அப்படியென்றால் அன்றைக்கும் அது சல்யூட் இல்லை. பிள்ளைகள் வாசலில் நின்று பதில் வணக்கம் வைத்தது யாருக்கு அப்பா?

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கீழே இறங்கி, அத்தையை மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டும், மூளை நரம்பு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றேன். மாமா யோசித்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போனா அவிய போயிருவாகட்டி. கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டுமே."

"வந்திருக்கது அப்பா இல்லம்மா," என்றேன். "அப்பாவக் கொன்னது வந்திருக்கு."

சொன்ன பிறகுதான் எனக்கே அது விளங்கியது. அத்தையின் கை ஒரு தடவை எழுந்து இறங்கியது, யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா எழுந்து வண்டி பேசப் போனார்.

மதுரையில் டாக்டரம்மா உங்கள் வீடியோவையும், நான் அத்தையை எடுத்திருந்த வீடியோவையும் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார். இது சல்யூட்டும் இல்லை, மனநோயும் இல்லை, ஒரு வகை வலிப்பு என்றார். கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் சொந்த மூளையைத் தாக்குகிறதாம். மறதி, சந்தேகம், இல்லாத ஆளோடு பேச்சு, உப்புக் குறைவு எல்லாம் அந்த ஒரே நோயின் வேலை. ரத்தத்தையும் முதுகுத்தண்டு நீரையும் சோதனைக்கு அனுப்பினார், மூளையை ஸ்கேன் எடுத்தார். வந்த முடிவு அவர் நினைத்தபடியே இருந்தது. கூடப்பிறந்த இரண்டு பேருக்கு இது வருவது ரொம்ப அபூர்வம், ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது என்றார்.

உங்களைப் பற்றிக் கேட்டேன்.

"ரத்தம் பாக்காம உறுதியா சொல்ல முடியாதும்மா. வீடியோவுல இருக்கறது இதேதான். நேரத்துல தெரிஞ்சிருந்தா மருந்து இருந்துச்சு."

அந்தக் கடைசி வாக்கியத்தை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். நீங்கள் பட்டாளத்துக்காரர், தாங்கிக்கொள்வீர்கள்.

ஸ்டீராய்டு ஊசி ஏற ஆரம்பித்தது. நாளுக்கு நாள் கை எழும்புவது குறைந்தது. நான் கட்டில் பக்கத்திலேயே இருந்தேன். ஒவ்வொரு தடவை எழும்போதும், வாசல்வரை போனவர் எதையோ மறந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதுபோல இருந்தது. எனக்கு எல்லாம் தெரியும் அப்பா. வலிப்பு என்று தெரியும், உப்பு என்று தெரியும். தெரிந்துகொண்டே, இன்னும் ஒரு தடவை திரும்பிப் பாருங்களேன் என்று மனசு கேட்டது. ஒரு காலையில் நர்ஸ் கையிலிருந்து எவர்சில்வர் தட்டு நழுவி விழுந்தது. நாங்கள் எல்லோரும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினோம். அத்தையின் இரண்டு கையும் போர்வை மேல் அப்படியே கிடந்தன.

அம்மா எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிழைத்த ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஏன் இப்படி அழுகிறாய் என்று அத்தை கேட்டாள்.

அந்த நாட்கள் அத்தைக்கு இப்போது அடியோடு ஞாபகம் இல்லை. உங்கள் தொப்பி எப்படித் தன் வீட்டுக்கு வந்தது என்று மாமாவைக் குடைகிறாள். சாத்திய கதவுக்குள் அம்மா என்ன கேட்டாள், தான் என்ன சொன்னாள், எதுவும் தெரியவில்லை. அம்மாவும் சொல்ல மாட்டேன் என்கிறாள். கேட்டால் வேறு பக்கம் பார்த்துச் சிரிக்கிறாள். நோய் பேசிய பேச்சு என்றால் அம்மா எதற்கு இன்னும் அப்படிச் சிரிக்க வேண்டும்? உங்களுக்குத் தெரியுமா?

மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகம். அம்மா உப்புப் போட்டுத்தான் சமைக்கிறாள். என் மேல் இருக்கிற கோபத்தில் எனக்கு மட்டும் கொஞ்சம் தூக்கலாகவே போடுகிறாள். கொடிக்குக் கீழே அந்தச் சேர் இன்னும் கிடக்கிறது. எடுக்கப் போனால் எனக்குக் கை வரவில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அப்பா. இனி என் காதில் விழுகிற இடத்தில், நேற்றுவரை நன்றாக இருந்த ஒருவர் ஆளே மாறிப்போய், யாருமில்லாத பக்கம் பார்த்துப் பேசினால், கை தானாக எழுந்தால், நான் பதில் வணக்கம் வைத்துக்கொண்டு நிற்க மாட்டேன். பைத்தியம் என்றும் சாமி என்றும் ஊர் முடிவுகட்டுவதற்கு முன்னால், ரத்தத்தையும் மூளையையும் பாருங்கள் என்று அந்த வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்வேன். திட்டினாலும் சொல்வேன்.

இதை முடித்துவிட்டுத் தொட்டிப் பக்கம் போகிறேன். அந்தச் சேருக்கு முன்னால் நின்று, நீங்கள் பிடித்து வைத்த அதே வலது கையால், ஒரு சல்யூட் அடிப்பேன். பதிலுக்கு நீங்கள் அடிக்க வேண்டாம் அப்பா. உங்கள் கை கீழேயே இருக்கட்டும்.

தொட்டியை மூடிவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு,
உங்கள் இடதுகை மகள்
கோமதி