முதல் விருப்பம் பயோமெடிக்கல்

ஜூலை 12, சனி

பொறியியல் கலந்தாய்வில் கல்லூரிகளை வரிசைப்படுத்த இன்று கடைசி நாள். கோயம்புத்தூரில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கை முதலில் போட்டிருந்தேன். எனக்குக் கேட்பதற்காகக் காதில் இருக்கும் மிஷினைப் போல ஒன்றைச் செய்ய அங்கே படிக்கலாம்.

மத்தியானம் ராயப்பன்பட்டிப் பெரியப்பா வந்தார். நான் மிஷின் போட்டிருந்ததை முடி மறைத்திருந்தது. எனக்குக் கேட்காது என்று நினைத்து அப்பாவிடம் பேசினார்.

"செவிட்டுப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்புறியாலே? இங்கன பக்கத்துல ஏதாச்சும் படிக்கட்டும். எவனாச்சும் கேட்டு வந்தா தள்ளிவிட்ரு."

"அவளுக்குக் கேக்குது," என்றாள் அம்மா.

"கேக்கட்டும். நானும் அதத்தேன் நெனச்சேன்," என்று அப்பா சிரித்தார்.

உள்ளே போய் என் வரிசையை அப்படியே லாக் செய்தேன். இனி யாராலும் மாற்ற முடியாது. வெளியே வந்து அதைச் சொன்னேன்.

அப்பா அடிக்கவில்லை. என் முடியை மெதுவாக ஒதுக்கினார். பாசமாகத் தொடுகிறார் என்று நினைத்து நின்றேன். மிஷினைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஏதோ சொன்னார். பெரியப்பா தலையாட்டினார்.

இப்போது அம்மா அறை வாசலில் நின்று பேசிக்கொண்டே இருக்கிறாள். திட்டுகிறாளா, சமாதானம் சொல்கிறாளா, தெரியவில்லை.