இரண்டு காகிதம், ஒரே தேதி

தம்பி,

அன்றைக்கு நம் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டு அம்மா. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் தணிகாசலம், உனக்கு மாமா. இருந்தவரைக்கும் அவர் பெயரை என் வாயால் சொன்னதில்லை; இப்போது எழுதினால் கோபித்துக்கொள்ள அவரும் இல்லை. முக்காலியில் சர்க்கரை ஆலைக்காக வெட்டு முறை எழுதும் பீல்டுமேன் ஆறுமுகம். தூணில் சாய்ந்துகொண்டு பாகூர்க் கடைத்தெரு மளிகைக்கடைக்காரர் மகன் சிவப்பிரகாசம், உன்னோடு பி.யு.சி. படித்தவன். என் இடுப்பில் கைக்குழந்தை லட்சுமி. நீ. நான். வேறு யாரும் இல்லை. பிறகு ஊரில் பல பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொன்னார்கள். பொய்.

இன்று காலை கழனி மோட்டாரின் காயில் சுற்று கருகிவிட்டது. கொட்டகைக் கதவைத் திறந்ததும் வார்னிஷும் நூலும் தீய்ந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. இருபது வருஷம் உன் சட்டையில் இருந்த வாசனை. எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது என்று உன் பெண்டாட்டி சலித்துக்கொள்வாளே, அதே. ஏம்பலத்திலிருந்து புது மெக்கானிக் வந்தான். சின்னப் பையன். "ஆயா, தள்ளி நில்லு, ஷாக் அடிச்சிடப் போவுது," என்றான். எனக்கே சொல்கிறான் பார். வரப்பில் போய் உட்கார்ந்தேன். அவன் மோட்டாரைக் கழற்றி முடிக்கும் வரை அங்கேயே இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் லட்சுமி மகளின் நோட்டில் நான்கு தாள் கிழித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு எழுத்து. கோணலாக இருந்தால் சிரிக்காதே.

அந்த ஆனி மாதம் இரண்டு காகிதமும் இரண்டு நாள் இடைவெளியில் வந்தன. ஒன்று மெட்ராஸ் பெரிய காலேஜிலிருந்து உனக்கு. இன்ஜினியர் படிப்புக்கு இன்டர்வியூ, சர்டிபிகேட்டுகளோடு வியாழக்கிழமை வரவேண்டும் என்று. நம் பக்கத்தில் உனக்கும் சிவப்பிரகாசத்துக்கும் மட்டும்தான் வந்திருந்தது. இன்னொன்று ஆலையின் கரும்பு வெட்டு உத்தரவு. அதிலும் அதே வியாழக்கிழமை. அந்த வருஷம் ஆலை தாமதமாகத்தான் ஓட ஆரம்பித்தது. நம் கரும்பு வயது தாண்டி, பூத்து, சாறு வற்றி உள்ளே நெட்டியாகிக்கொண்டிருந்தது. மாமாவுக்கோ கரும்புக் கட்டை குத்திப் பாதம் கருணைக்கிழங்கு போல வீங்கிக் கிடந்தது. வெட்டும் இடத்தில் நிற்கவும், வண்டிகளோடு ஆலைக்குப் போய் எடை போடும் வரை காத்துக் கிடக்கவும் உன்னைவிட்டால் ஆள் இல்லை.

இங்கேதான் நாங்கள் தப்பு செய்தோம். அதை உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும். வெட்டு உத்தரவில் அடியில் ஒரு வரி அச்சடித்திருக்கும்: குறித்த தேதியில் வெட்டத் தவறினால் உத்தரவு ரத்து. ஆனால் ரத்தானதை யாரும் பார்த்ததில்லை. வீட்டில் கல்யாணம் என்றால், சாவு என்றால், வெட்ட ஆள் கிடைக்கவில்லை என்றால், பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி முறையை மாற்றிக்கொள்வோம். ஆறுமுகம் காதில் செருகிய பென்சிலை எடுத்து ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதுவார். அவ்வளவுதான். தேதி என்றாலே அப்படித்தான் என்று இருந்துவிட்டோம்.

முதலில் மாமா கரும்பைத்தான் தள்ளச் சொன்னார். இதை நீ மறந்துவிடக் கூடாது.

"ஆறுமுகம், ஒரு வாரம் தள்ளிப் போடுப்பா. பையன் மெட்ராஸ் போவணும்."

"இன்னாண்ணே பேசற நீ? வர்ற ஞாயித்துக்கெழமையோட ஆலைய நிறுத்தறாங்க. தள்ளனா உன் கரும்பு அடுப்பெரிக்கத்தான் ஆவும்."

மாமா வீங்கிய காலைத் தரையில் ஊன்றிப் பார்த்தார்; முடியவில்லை. பிறகு உன் பக்கம் திரும்பினார். "செரி, அப்ப உன்னுதத் தள்ளு."

"அது முடியாது மாமா. வராட்டி சீட்டு பூடும்னு கடைசி வரில போட்டுகீது," என்றாய்.

அவர் சிரித்துவிட்டார். "அட போடா, ஆலைச் சீட்டுலயும் அப்டித்தான் போட்டுகீது. எத்தினி வருசமா பாக்கறோம், எவன் சீட்டுடா பூட்ச்சு?"

ஆறுமுகம் சிரித்தார். அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன், தம்பி. நீ சிரிக்கவில்லை.

அந்தக் கூடத்தில் இங்கிலீஷ் தெரிந்தவன் உன்னைத் தவிர இன்னும் ஒருத்தன் இருந்தான். அவனிடம் நான்தான் கேட்டேன். "நீ சொல்லுப்பா, உனக்கும் அதே காயிதந்தானே வந்துகீது? ஒரு வாரம் கழிச்சி வர்றான்னு சொன்னா ஒத்துக்க மாட்டாங்களா?"

சிவப்பிரகாசம் உன்னைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். பிறகு தன் கால் கட்டை விரலைப் பார்த்தான். "கேட்டுப் பாக்கறேங்க்கா," என்றான்.

"அவ்ளோதான்!" என்றார் மாமா. "நல்லா எடுத்துச் சொல்லு. மாமாவுக்குக் காலு செரியில்ல, கரும்பு வெட்டுன்னு சொல்லு. அவங்களும் சோறு துன்றவங்கதானே."

நீ என்னைப் பார்த்தாய். "நான் போறேன் வண்டியோட, அவன் மெட்ராஸ் போவட்டும்" என்ற வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்தது. ஆலை வாசலில் நூறு வண்டிக்காரர்களுக்கு நடுவே பொம்பளை இரண்டு நாள் எப்படிக் கிடப்பது என்று நினைத்தேன். லட்சுமி பாலுக்கு அழுதாள். வார்த்தை கீழே இறங்கிவிட்டது. இன்றைக்கும் சோறு இறங்கும்போது சில சமயம் அது குறுக்கே நிற்கிறது.

வியாழக்கிழமை நீ கரும்பு வெட்டினாய்; சிவப்பிரகாசம் மெட்ராஸ் போனான். அங்கே உனக்காகக் கேட்டானா என்று இன்றுவரை நான் விசாரித்ததில்லை. அடுத்த வியாழக்கிழமை மெட்ராஸ் போனாய். மறுநாள் மத்தியானம் திரும்பி வந்து, சர்டிபிகேட் வைத்திருந்த துணிப்பையை ஆணியில் மாட்டினாய்.

"இன்னாடா ஆச்சு?"

"சீட்டு வேற ஒர்த்தனுக்குப் பூட்ச்சிக்கா. அவங்க திட்டக்கூட இல்ல. ஒக்காரச் சொல்லி டீ வாங்கிக் குடுத்தாங்க."

மாமா நொண்டிக்கொண்டே சட்டையைத் தேடினார். "எவன்டா அங்க பெரிய ஆபீசரு? வா, நானே வந்து பேசறேன்."

"பேசறதுக்கு ஒண்ணும் இல்ல மாமா," என்றாய். அன்றிலிருந்து நீ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒரு நாளாவது கத்தியிருக்கலாம். தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

பாண்டிச்சேரியில் காலேஜ் இருக்கிறதே, சேருடா என்று கெஞ்சினேன். "எனக்குக் கரண்டு படிக்கணும்க்கா. இல்லன்னா கரண்டைத் தொட்டுகினாவது இருக்கணும்," என்றாய். பாகூரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் போய் உட்கார்ந்தாய். அப்போதுதான் கழனிக்குக் கழனி கரண்டு மோட்டார் வந்துகொண்டிருந்தது. ஊரார் கிண்டலாக வைத்த பெயர்தான் 'இன்ஜினீரு'. "இன்னா இன்ஜினீரு, எங்க மோட்டாரு காலையிலேர்ந்து இருமுது, வந்து நாடி புடிச்சிப் பாரேன்!" என்பார்கள். நீயும், "கசாயம் குடுத்தியா?" என்று கேட்டுக்கொண்டே சைக்கிளை எடுப்பாய். பத்து வருஷத்தில் கிண்டல் போய்ப் பெயர் மட்டும் நின்றது. வெளியூர்க்காரர்கள் நிஜமாகவே இன்ஜினியர் வீடு எது என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

மணப்பட்டிலிருந்து ஏம்பலம் வரை உன் கை படாத மோட்டார் இல்லை. பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், சொந்தமாக ஓட்டு வீடு. "பெரிய காலேஜுல படிச்சிருந்தா மட்டும் இன்னா கிழிச்சிருப்பான்? செத்த மோட்டாரை எழுப்பறானே, அது பத்தாதா?" என்று ஊரே பேசியது. நானும் பல வருஷம் அப்படியே சொல்லிக்கொண்டேன். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

ஆனால் ஒரு நாள் பார்த்துவிட்டேன். ஏரிக்கரை போர்வெல்லில் பெரிய மோட்டார் ஒன்று திரும்பத் திரும்பக் கருகியது. எங்கிருந்தோ படித்த இன்ஜினியர் ஒருத்தரைக் கூட்டி வந்தார்கள். கோளாறு எங்கே என்று அவருக்கு முன்பே நீ விரலை வைத்துக் காட்டிவிட்டாய். அவர் நல்ல மனுஷர், உன் தோளைத் தட்டினார். பிறகு ஏன் கருகுகிறது என்று காகிதத்தில் ஏதோ கணக்குப் போட்டு உனக்குக் காட்டினார். நீ குனிந்து வெகுநேரம் அதையே பார்த்தாய். நான் களை எடுத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து உன் முதுகுதான் தெரிந்தது.

மத்தியானம் என் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். வாயில் வைக்கவில்லை.

"இன்னாடா, கொழம்பு நல்லால்லியா?"

"கொழம்பு நல்லாத்தான்கீது. அவரு போட்ட கணக்கு எனக்குப் புரியலக்கா." பிசைந்த சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "புரிஞ்சிருக்கணும்," என்றாய்.

அன்றுதான் எனக்குத் தெரிந்தது. உனக்குப் போனது உத்தியோகமும் காரும் பங்களாவும் இல்லை; நீ அதைக் கேட்டவனும் இல்லை. எழுப்பத் தெரிந்த கைக்கு, ஏன் எழுந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தது. அதைச் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்கு ஒரு வாரம் தாமதமாகப் போனாய். ஆணியில் மாட்டிய பையை நீ கடைசி வரைக்கும் கழற்றவில்லை. வெள்ளையடிக்கும்போது நான்தான் கழற்றித் திரும்ப மாட்டுவேன்.

போன ஐப்பசி மழையில் மணப்பட்டுப் பக்கம் ஒரு மோட்டார் ஓடவில்லை என்று கூப்பிட்டார்கள். கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு ஸ்டார்டர் பெட்டியைத் தொட்டாய். அவ்வளவுதான் சொன்னார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. உன்னைக் கொண்டுவந்தபோது சட்டைப் பையில் டெஸ்டர் அப்படியே செருகியிருந்தது. நாற்பது வயது உனக்கு. படித்த இன்ஜினியர் அன்றைக்கு ஏரிக்கரையில் வந்து நின்றாரே, அவர் கம்பியைத் தொடவே இல்லை தம்பி. காகிதத்தில் கணக்குப் போட்டார். தொட்டது நீதான்.

காரியத்துக்கு ஆயிரம் பேர் வந்தார்கள். சிவப்பிரகாசமும் பம்பாயிலிருந்து வந்தான். மெட்ராஸ் காலேஜில் படித்து, பெரிய கம்பெனியில் பெரிய வேலை. தலை நரைத்திருந்தது. நிஜமாகவே அழுதான், அதை மறைக்கமாட்டேன். பிறகு என் பக்கத்தில் பாயில் வந்து உட்கார்ந்தான்.

"மனச ஆத்திக்குங்கக்கா. எங்க படிச்சா இன்னா, எல்லாம் ஒண்ணுதான். உள்ள போய்ப் பாத்தவன் சொல்றேன், அங்க ஒண்ணும் இல்ல. இவன்தான் ராஜா மாதிரி வாழ்ந்தான்."

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பெரிய படிப்புப் படித்தவனே சொல்லிவிட்டான் அல்லவா. நான் மெதுவாகக் கேட்டேன்.

"உன் புள்ள இன்னாப்பா பண்றான்?"

அவன் முகம் அப்படியே மலர்ந்தது. "பிளஸ் டூக்கா. அதே காலேஜுக்குத்தான் தயார் பண்ணிகினு கீறான். ரெண்டு வருசமா தனியா வாத்தியார் வச்சி..."

பாதியில் நின்றுவிட்டான். குனிந்து தன் கால் கட்டை விரலைப் பார்த்தான். அன்றைக்குப் பார்த்த அதே விரல். இலை போட்டாயிற்று என்று யாரோ கூப்பிட்டார்கள். எழுந்து போய்ச் சாப்பிடு என்று நான் அவனிடம் சொல்லவில்லை. பந்தி நேரத்தில் யாரையும் நான் அப்படி விட்டதில்லை.

நீ போனதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. கரண்டு பில்லோ, கல்யாணப் பத்திரிகையோ, எந்தக் காகிதம் வீட்டுக்கு வந்தாலும் கடைசி வரி வரைக்கும் படிக்கச் சொல்லிக் கேட்பேன். அச்சகத்தின் பெயர் வரைக்கும். லட்சுமி தலையில் அடித்துக்கொள்கிறாள். அடித்துக்கொள்ளட்டும்.

ஆறுமுகத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆலையை நிறுத்தியது அவர் இல்லை. அம்மா சிரித்தது தெரியாமல் சிரித்தது. மாமா மேல் இருந்த கோபத்தை நீ போவதற்கு ரொம்ப நாள் முன்பே விட்டுவிட்டேன். அந்த வருஷத்துக்குப் பிறகு சாகும் வரைக்கும் அவர் ஒரு தடவைகூட வெட்டு முறையை மாற்றவில்லை. மாற்றித் தரச் சொல்லி யாராவது வந்தால், பதில் சொல்லாமல் எழுந்து கழனிக்குப் போய்விடுவார். அவர் உன்னிடம் கேட்ட மன்னிப்பு அதுதான். உனக்குப் புரிந்திருக்கும். தொண்டையில் நிற்கிற அந்த வார்த்தையோடு நான் படுகிற பாடு எனக்கும் உனக்கும் நடுவில் இருக்கட்டும். நான் அங்கே வரும்போது பேசிக்கொள்ளலாம்.

தேதியை மாற்ற முடியாது என்று அன்றைக்கு வாய் திறந்து சொல்லாமல் இருந்ததற்காக அவனை நான் கோபிக்கவில்லை. அவனுக்கும் பதினேழு வயதுதான், எதிரே பெரியவர்கள். அதை அப்போதே விட்டுவிட்டேன். உன் காரியத்தன்று வாய் திறந்தானே, உனக்குப் போனது ஒன்றுமே இல்லை என்று உன் படத்துக்கு முன்னாலேயே சொன்னானே, அதைத்தான் விடமாட்டேன். அடுத்த வருஷம் அவன் மகன் அந்தக் காலேஜுக்குள் போவான். நல்லா இருக்கட்டும், பிள்ளை என்ன செய்தது. ஆனால் அவனை மட்டும் மன்னிக்கமாட்டேன்.

மளிகைக்கடைக்காரர் மகன் சிவப்பிரகாசத்தை.