மஞ்சள் ஸ்வெட்டர்

என் அன்புக்குரியவரே,

குழந்தைகள் இல்லத்தில் ஊழியம் முடிந்து, சபையார் நேற்றே பிளான்டயர் திரும்பிவிட்டார்கள். நான் மட்டும் இல்லம் இருக்கும் இந்த மலையூர் டெட்சாவிலேயே தங்கிவிட்டேன். கோபிக்காதீர்கள்.

அடக்கம் முடிந்த அன்று நீங்கள் பெட்டியில் வைத்துப் பூட்டிய மஞ்சள் ஸ்வெட்டரையும் தானத் துணிகளோடு எடுத்து வந்திருந்தேன். தியாமிகே என்ற சிறுமி அதைப் போட்டுக்கொண்டாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

"இது யாரோடது?"

"என் மகளோடது."

"அப்போ அவளுக்குக் குளிராதா?"

கழுத்துப் பொத்தானைப் போட்டுவிடக் குனிந்தேன். அவளே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதீங்கம்மா, அவ கேட்டா கழட்டிக் குடுத்துடறேன்" என்றாள்.

தியாமிகேயை நம்மோடு அனுப்புவீர்களா என்று கேட்டேன். கணவன் மனைவி சேர்ந்து வந்தால்தான் பேசுவேன் என்கிறார் இல்லத்துப் பாஸ்டர். சனிக்கிழமை வாருங்கள். நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

வழி பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி